பழுதானால் பெட்டியை யார் தூக்குவது?

பட்டுக்கோட்டையிலிருந்து தங்கை போன் செய்தாள். பையன் பொறியியல் கல்லூரியில் சேர்கிறான், அவனுக்கு லேப்டாப் வேண்டும். வாஷிங் மெஷின் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு இப்போது சுற்ற மறுக்கிறது. அவளுடைய போனும் சாகக் கிடக்கிறது. "அண்ணே, மூணையும் ஆன்லைன்லயே போட்டுடவா, இல்ல கடையில போய் வாங்கவா? ஆன்லைன்ல மொத்தமா நாலாயிரம் கம்மியா காட்டுது" என்றாள்.

நாலாயிரம் சின்னத் தொகை இல்லை. ஆனால் அவள் பார்த்து வைத்திருந்த லேப்டாப் கம்பெனிக்குப் பட்டுக்கோட்டையில் சர்வீஸ் சென்டர் கிடையாது, தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள், பாகம் வந்துவிட்டதா என்று கேட்க ஒரு நாள், திரும்ப வாங்கிவர ஒரு நாள். மூன்று நாள் லீவு போட்டால் அந்த நாலாயிரம் எந்த வழியாகப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. "பழுதானா பெட்டிய யாரு தூக்கிட்டுப் போவா?" என்று மட்டும் கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. வாங்கும்போது யாரிடமும் இருப்பதில்லை.

வாரண்டி என்ற சொல்லை நாம் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். உண்மையில் அது இரண்டு பேருடைய இரண்டு வாக்குறுதி. முதல் சில நாட்கள் விற்றவருடையது. பொருள் பெட்டியிலிருந்து வரும்போதே செத்திருந்தாலோ, ஓரிரு நாளில் மக்கர் செய்தாலோ, புதிதாக மாற்றித் தருவார் அல்லது பணத்தைத் திருப்புவார். இந்தக் காலம் ஏழு நாள், பத்து நாள் என்று கடைக்குக் கடை மாறும். சில கடைகளில் பொருளை வாங்கிக்கொண்டு படியிறங்கினாலே முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தயாரித்த கம்பெனியுடையது. அதில் முதல் உரிமை ரிப்பேருக்குத்தான், மாற்றுப் பொருளுக்கு இல்லை. "கடையில வாங்கினா கடைக்காரர் மாத்தித் தருவார், ஆன்லைன்ல வாங்கினா யாரைப் போய் கேக்குறது" என்று பலர் சொல்வது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால். எட்டாவது நாளிலிருந்து எங்கே வாங்கியிருந்தாலும் போய் நிற்கப்போவது ஒரே சர்வீஸ் சென்டர் கவுண்டரில்தான்.

அப்படியானால் எங்கே வாங்கினாலும் ஒன்றா என்றால், இல்லை. பழுது என்று முடிவு செய்வது யார், பொருளைச் சுமப்பது யார், மாற்றும்போது கையை விட்டுப் போவது என்ன, சர்வீஸ் சென்டர் கைவிரித்தால் யாரிடம் போய் நிற்கலாம் என்ற இடங்களில் கடைகள் ரொம்பவே வேறுபடுகின்றன.

ஆன்லைனை முதலில் பார்த்துவிடலாம். அமேசான், பிளிப்கார்ட் போன்ற தளங்களில் ஒரு காலத்தில் போன் பிடிக்கவில்லை என்றாலே திருப்பி அனுப்ப முடிந்தது. இப்போது போன், லேப்டாப் போன்றவற்றின் பக்கத்தில் சின்ன எழுத்தில் "7 நாள் சர்வீஸ் சென்டர் ரீப்ளேஸ்மென்ட்" என்றோ "ரீப்ளேஸ்மென்ட் மட்டும்" என்றோ போட்டிருப்பதைப் பார்க்கலாம். முதல் வகைக்கு அர்த்தம் இதுதான்: பழுது என்று தளம் முடிவு செய்யாது, நீங்களும் முடிவு செய்ய முடியாது. பொருளைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போய், அவர்கள் பார்த்துவிட்டு, பெட்டியில் வந்தபோதே பழுது என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும். தொழிலில் இதை டி.ஓ.ஏ. சர்டிபிகேட் என்பார்கள், வரும்போதே செத்தது என்று பொருள். அந்தத் தாளும் ஏழு நாளுக்குள் கையில் இருக்க வேண்டும். நடுவில் ஞாயிறு, ஆயுத பூஜை, விஜயதசமி என்று வந்தால் ஏழு நாள் நாலு நாளாகிவிடும். பண்டிகைத் தள்ளுபடி விற்பனை எந்த மாதங்களில் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

தளத்திடம் புகார் சொன்னால் "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் தாங்களே சரக்கு வைத்து விற்கக்கூடாது என்பது மத்திய அரசின் விதி. 2016-இல் வெளியான அந்த அறிவிப்பிலேயே, தளத்தில் விற்கும் பொருளுக்கான வாரண்டிப் பொறுப்பு விற்பனையாளருடையது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. எனவே உங்கள் பில்லில் இருக்கும் பெயர் தளத்தின் பெயராக இருக்காது. ஹரியானாவிலோ பெங்களூரிலோ கிடங்கு வைத்திருக்கும், நீங்கள் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு நிறுவனமாக இருக்கும். அந்தப் பெயரை வாங்குவதற்கு முன்பே பார்க்கலாம். பொருளின் பக்கத்தில் "விற்பவர்" என்று ஒரு வரி இருக்கும். பத்தில் ஒன்பது பேர் பார்ப்பதில்லை, நானும் பல வருஷம் பார்த்ததில்லை.

ஆன்லைனில் மாற்றும்போது என்ன போகிறது என்பதை ஒருமுறை பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடி விற்பனையில், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, கார்டுச் சலுகையோடு ஒரு போன் வாங்கினேன். இரண்டாம் நாளே ஸ்பீக்கர் கரகரத்தது. தாளெல்லாம் ஒழுங்காக வாங்கிக் கொடுத்தேன், தளமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாடல் தீர்ந்துவிட்டது, அதனால் பணம்தான் திரும்ப வரும் என்றார்கள். பணம் வந்தது. அதற்குள் விற்பனை முடிந்து அதே போன் மூவாயிரம் ஏறியிருந்தது. பழைய போன் போனது போனதுதான், அதற்குப் போட்ட மதிப்பு மட்டும் கணக்கில் வந்தது. தவணையில் வாங்கியிருந்தால் வங்கியின் பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. விதிப்படி பார்த்தால் யாரும் தப்பு செய்யவில்லை. கையில் போன் மட்டும் இல்லை.

ஆன்லைனுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாமே எழுத்தில் இருக்கும். எப்போது வாங்கினோம், எப்போது புகார் செய்தோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் தேதியோடு கிடக்கும். 2020-இல் வந்த மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் ஒருவர் வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளையோ சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லக்கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கடைக்காரர் வாய்ச்சொல்லாகச் சொன்ன "பாத்துக்கலாம் சார்" எந்தப் பதிவிலும் இருக்காது.

அடுத்தது பெரிய ஷோரூம்கள். வசந்த் அண்ட் கோ, விவேக்ஸ், குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டல், பூர்விகா என்று நமக்கு நன்றாகத் தெரிந்த சங்கிலிக் கடைகள். போர்டு பெரிது, குளிர்சாதனம் உண்டு, கேள்வி கேட்கவும் ஆள் உண்டு. ஆனால் மாற்றித் தரும் விஷயத்தில் நாம் நினைக்கும் அளவுக்கு அவை ஆன்லைனிலிருந்து வேறுபட்டவை இல்லை. ஒரு ஷோரூமில் டிவி வாங்கினோம். ஐந்தாம் நாள் திரையில் மயிரிழை போல ஒரு கோடு. கடைக்குப் போனால், விற்கும்போது காபி வரவழைத்துக் கொடுத்த அதே தம்பி, "கம்பெனி டோல் ஃப்ரீ நம்பருக்கு கம்ப்ளைன்ட் போடுங்க சார், என்ஜினியர் வந்து ரிப்போர்ட் கொடுத்தா நாங்க மாத்திடுறோம்" என்றார். ஆன்லைனில் கேட்பதும் அதே ரிப்போர்ட்தான். ஒரே வித்தியாசம், அந்தத் தம்பியின் முகத்தை நான் பார்க்க முடிந்தது. மேனேஜரிடம் போய் நிற்க முடிந்தது. நாலு நாள் போய் நின்றபிறகு டிவி மாறியது. போய் நிற்க முடிகிறது என்பதுதான் ஷோரூமின் பலம். அதற்கு ஷோரூம் நீங்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இங்கே டிவி பற்றி ஒரு வார்த்தை. எங்கே வாங்கினாலும் பெட்டியை நீங்களாகப் பிரிக்காதீர்கள். கம்பெனி ஆள் வந்து பிரிக்கட்டும். திரை உடைந்திருந்தால், அது வண்டியில் உடைந்ததா உங்கள் வீட்டில் உடைந்ததா என்ற வாக்குவாதத்தில் ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. உடைசல் எந்த வாரண்டியிலும் வராது. பிளிப்கார்ட் சில பொருட்களுக்கு, கொண்டுவருபவரே வாசலில் பெட்டியைப் பிரித்துக் காட்டிவிட்டுப் பிறகு ஓ.டி.பி. வாங்கும் முறையை வைத்திருக்கிறது. அவர் அவசரப்படுவார், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லிவிட்டால், பார்த்துத் திருப்தியோடு வாங்கிக்கொண்டோம் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி.

கம்பெனிகளே நடத்தும், அல்லது ஒரே கம்பெனிப் பொருளை மட்டும் விற்கும் கடைகள் மூன்றாவது வகை. விலை குறையாது. சில இடங்களில் விற்பனையும் சர்வீஸும் ஒரே கூரைக்குள் இருக்கும். அப்படி இருந்தால் அந்த டி.ஓ.ஏ. தாளுக்கு அலைச்சல் இல்லை. மாடியில் வாங்கிக் கீழே கொடுத்துவிடலாம். ஆனால் எல்லாக் கடையும் அப்படி இல்லை. போர்டில் கம்பெனி பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பவர் உரிமம் வாங்கிய டீலர்தான், சர்வீஸ் சென்டரை வேறொருவர் வேறு தெருவில் நடத்துவார். வாங்கும் முன் "சர்வீஸ் இங்கேயே உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இனி எனக்குப் பிடித்த வகைக்கு வருகிறேன். ஊரில் இருக்கும் சொந்த டீலர். அவருடைய அப்பா காலத்தில் ரேடியோ, மிக்ஸி விற்ற கடை. இவரிடம் விலை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூட இருக்கும். ரிட்டர்ன் பாலிசி என்று எதுவும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று வேறு அச்சடித்திருப்பார். அதைப் படித்துவிட்டு ஆன்லைனுக்கு ஓடாதீர்கள். பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்த வரிக்கு மதிப்பில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. பில்லில் எத்தனை நாள் என்று போடவில்லை என்றால் முப்பது நாள் என்றும் சொல்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மருமகனுக்கு வேறு மாடல்தான் வேண்டுமாம் என்றெல்லாம் திருப்பித் தர இந்தச் சட்டத்தில் வழியில்லை. அது கடைக்காரர் மனசு.

அந்த மனசுதான் இங்கே விஷயம். ஊர் டீலருக்குக் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் ஆளைத் தெரியும். மாதம் பத்துப் பதினைந்து மெஷின் விற்கிறவர் போன் போட்டால் டெக்னீஷியன் நாளைக்கே வருவார். நாம் டோல் ஃப்ரீ நம்பரில் ஒன்றை அமுக்கி, இரண்டை அமுக்கி, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் நாலு நாள். வாஷிங் மெஷின், பிரிட்ஜ் போன்ற தூக்க முடியாத சாமான்களுக்கு இது பெரிய வித்தியாசம். இவற்றுக்கு சர்வீஸ் சென்டருக்குப் போகிற பேச்சே இல்லை, ஆள் வீட்டுக்கு வர வேண்டும். யார் சொன்னால் சீக்கிரம் வருவார் என்பதுதான் கேள்வி. இந்தப் பொருட்களின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் "10 வருட வாரண்டி" கம்ப்ரசருக்கோ மோட்டாருக்கோ மட்டும்தான். போர்டு, வால்வு, கேஸ்கெட் எல்லாம் பெரும்பாலும் ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷம். பத்து வருஷ வாரண்டியில் மோட்டார் இலவசமாக வந்தாலும், மாட்டிவிடுகிறவருக்குக் கூலி தனி என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. பெட்டி வீட்டுக்கு வந்து, மாட்டப்படாமல் இரண்டு வாரம் கிடந்தால் அந்த இரண்டு வாரமும் வாரண்டியில் கழியும். மாட்டிய நாளிலிருந்து வாரண்டியைக் கணக்கிடுங்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் தயாரிப்பாளர்களுக்கு எழுதியது. உங்கள் கம்பெனி எந்தத் தேதியை எடுத்துக்கொள்கிறது என்று கார்டில் பாருங்கள்.

ஊர் டீலரிடம் உள்ள ஆபத்தும் வெளிப்படையானது. அவர் கடையை மூடிவிட்டால் அந்த வசதியெல்லாம் அவரோடு போய்விடும். கம்பெனி வாரண்டி மட்டும் மிஞ்சும், அதுவும் பில் இருந்தால்.

பில் என்றதும் சென்னை ரிட்சி தெரு ஞாபகம் வருகிறது. மவுண்ட் ரோடை ஒட்டி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கிளைபிரிந்து கிடக்கும் அந்தச் சந்துகளில், கம்ப்யூட்டரில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு விலை கேட்டால் மறுகேள்வி வரும்: "பில்லோடவா, பில் இல்லாமவா?" ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. பில் வேண்டாம் என்றால் அதில் ஒரு பங்கு குறையும். "நம்ம கடை வாரண்டி, ஒரு வருஷம், என்ன ஆனாலும் கொண்டாங்க" என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். அதே தெருவில், பில் போட்டு விற்று, பழுதான பாகத்தைத் தானே டிஸ்ட்ரிபியூட்டர் கவுண்டருக்கு எடுத்துப்போய் மாற்றி, அதுவரை வேலை ஓட வேறொன்றை இரவல் தரும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு அவர்தான் எனக்கு முதல் தேர்வு, ஆன்லைன் இரண்டாவது. பில் இல்லாத விலை என் கணக்கில் விலையே இல்லை. அப்புறம், பெட்டியின் மேல் இருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே நின்று பாருங்கள். இந்தியாவுக்கென்று வராமல் வேறு வழியாக வந்த சரக்காக இருந்தால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் அதைத் தொடாது.

அதே காரணத்தால்தான் மச்சான் சொன்ன யோசனையையும் ஒதுக்கினோம். "சிங்கப்பூர்லேருந்து வரும்போது லேப்டாப் கொண்டாந்துடுறேன், அங்க சட்டமே கடுமையா இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து எலுமிச்சைச் சட்டம் என்று பேச்சுவழக்கில் சொல்லும் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. ரிப்பேர், மாற்றுப் பொருள், விலைக் குறைப்பு, பணம் என்று கேட்கலாம். நம் ஊரில் பழுதை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில். ஆனால் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது சிங்கப்பூர் கடைக்காரரை. பட்டுக்கோட்டையில் லேப்டாப் செத்தால் அதை மறுபடி விமானத்தில் ஏற்ற வேண்டும். சில லேப்டாப் கம்பெனிகள் எந்த நாட்டில் வாங்கினாலும் சர்வீஸ் செய்கின்றன. போன்களில் பல கம்பெனிகள் வாங்கிய நாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. சதுரக்கால் பிளக்குக்கு அடாப்டர் தேடுவது இலவச இணைப்பு.

எங்கே வாங்கினாலும் கடைசியில் சர்வீஸ் சென்டர் கவுண்டர் என்று முதலிலேயே சொன்னேன். அங்கே உங்கள் பலம் ஒரே ஒரு தாள். ஜாப் ஷீட் என்பார்கள். பொருளை உள்ளே வாங்கும்போது தேதி, சீரியல் நம்பர், நீங்கள் சொன்ன குறை, பொருளின் நிலை எல்லாம் எழுதித் தருவது. "குறை" என்ற இடத்தில் அங்கிருப்பவர் "சரிபார்க்க" என்று ஒரே சொல்லில் எழுதுவார். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். "சார்ஜ் போட்ட பத்து நிமிஷத்தில் தானாக அணைகிறது, மூன்றாவது தடவை" என்று உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். கீறல் இருந்தால் எந்த மூலையில் என்று எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் திரும்ப வரும்போது "பிசிக்கல் டேமேஜ்" என்று கொட்டேஷன் வரும். போனுக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் சின்ன ஒட்டு இருக்கிறது. அது சிவந்திருந்தால், ஐ.பி. 68, அதாவது தூசியும் தண்ணீரும் தாங்கும் என்று விளம்பரம் செய்த போனாக இருந்தாலும் வாரண்டியில் எடுக்க மாட்டார்கள்.

ஒரே குறைக்கு மூன்று ஜாப் ஷீட் சேர்ந்துவிட்டால் கதை மாறும். ஒரு தடவை கெட்டால் ரிப்பேர் செய்து தருகிறோம் என்று கம்பெனி சொல்வதை நுகர்வோர் ஆணையமும் பெரும்பாலும் ஏற்கும். திரும்பத் திரும்ப அதே இடம் கெட்டால் அது தயாரிப்புக் குறை என்று வாதாட உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. தேவைப்பட்டால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். பழுதை நீக்கித் தா, மாற்றித் தா, பணத்தைத் திருப்பு, நஷ்டஈடு கொடு என்று நான்கு வகையாகவும் உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. விற்றவர், தயாரித்தவர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது வழக்கம், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊரிலோ, விவகாரம் எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடிந்தது. 2019 சட்டம், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று மாற்றியது. ஆன்லைனில் வாங்கத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விற்றவர் ஹரியானாவில் இருந்தாலும் தங்கை தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்தில் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். தமிழிலும் பேசலாம். பல பெரிய கம்பெனிகளும் தளங்களும் அதனோடு இணைந்திருப்பதால் புகார் நேரே அவர்களிடம் போகிறது. டோல் ஃப்ரீயில் பத்து நாள் நகராத விஷயம் இங்கே போட்டதும் நகர்ந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: பில்லை வியாபாரத்தின் பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணோடு போட்டு வாங்கினால், வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்தரப்பு வாதாடும். வரி மிச்சத்துக்கு ஆசைப்பட்டு வீட்டு டிவியைக் கடைப் பெயரில் வாங்குகிறவர்கள் யோசிக்கவும்.

பில் போடும் கவுண்டரில் கடைசியாக ஒருவர் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஆரம்பிப்பார். குரோமாவுக்கு ஒரு பெயரில், ரிலையன்ஸ் டிஜிட்டலுக்கு ஒரு பெயரில், தளங்களுக்கு வேறு பெயர்களில். பெரும்பாலும் கம்பெனி வாரண்டி முடிந்தபிறகுதான் இது தொடங்கும். ரிப்பேர் செய்ய முடியாவிட்டால் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். டிவிக்கு மட்டும் இதை எடுக்கச் சொல்வேன், ஏனென்றால் பேனல் போனால் பாதி டிவி விலை. லேப்டாப்புக்கு எடுப்பதென்றால் கடையுடையதை விட்டுவிட்டு, கம்பெனியே விற்கும் நீட்டிப்பை எடுங்கள். மிக்ஸிக்கும் கெட்டிலுக்கும் எதற்கு?

சரி, தங்கை கதைக்கு வருகிறேன். லேப்டாப்புக்கு, ஆள் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டி உள்ள மாடலாகத் தேடச் சொன்னேன். டெல், ஹெச்.பி. போன்றவை பல மாடல்களுக்கு இதைத் தருகின்றன. அவள் ஊர் பின்கோடுக்கு வருவார்களா என்று கம்பெனியிடமே கேட்டாள், வருவோம் என்றார்கள். பெட்டியை யாரும் தூக்க வேண்டியதில்லை என்றானபிறகு கடை எதுவானால் என்ன? ஆன்லைனிலேயே வாங்கினாள். வந்த அன்றே கம்பெனி தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நினைத்த மாதிரியே, அவள் வாங்குவதற்கு நாலு மாதம் முன்பே வாரண்டி ஓட ஆரம்பித்திருந்தது. கிடங்குக்குப் போன தேதியிலிருந்து கணக்கு எடுத்துக்கொள்வார்கள். பில்லை அனுப்பியதும் திருத்திவிட்டார்கள். பதினோராவது மாதத்தில் பழுதாகி அன்றைக்குத் தெரிந்திருந்தால் தலைவலி.

போனுக்கு அவள் விரும்பிய கம்பெனியின் சர்வீஸ் சென்டர் பட்டுக்கோட்டையிலேயே, அவள் ஆபீஸுக்குப் போகும் வழியில் இருக்கிறது. அதனால் அதையும் ஆன்லைனில் வாங்கினாள், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல். வாஷிங் மெஷினை மட்டும் பெரிய தெருவில் இருக்கும் டீலரிடம் வாங்கினாள். ஆன்லைனைவிட 1,200 ரூபாய் கூட. மாட்டிய மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாய் இணைப்பில் சொட்டியது. கடைக்குப் போன் போட்ட ஒரு மணி நேரத்தில் ஒரு பையன் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து வாஷரை மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனான்.

"ஒரு வாஷர், அண்ணே. நம்ம தெரு பிளம்பரே போட்டிருப்பாரு. அதுக்கு 1,200 ரூபாயா?" என்று கேட்டாள் தங்கை. நாலாயிரத்தில் 2,800தான் மிச்சமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.